கூரை காத்தல்



வாழ்த்து அட்டைகளில் வெண்பனி படர்ந்த வீட்டுக் கூரைகளைக் கண்டிருப்பீர்கள். பஞ்சு போலக் கிடக்கும் அப்பனியால் வீட்டிற்கு என்ன தீங்கு நேரும் என்று நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் நம்மிடம் வினவினான். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

பனி பார்வைக்குத்தான் பஞ்சு. புதிதாய் விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையுள்ளது. நாள்பட்டு ஈரமேறி இறுகினால் 300 கிலோகிராமையும் தாண்டும். அத்தகைய பனி அரை மீட்டர் உயரத்திற்குத் தங்குமானால், கூரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 150 கிலோகிராமைச் சுமக்க வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை அங்கே அடுக்கியதற்கு அஃது ஒப்பாகும். 2006ஆம் ஆண்டு சனவரி 28இல் போலந்து நாட்டின் கத்தோவித்சே நகரப் பகுதியில் ஒரு கண்காட்சி மண்டபத்தின் கூரை பனிப்பாரம் தாங்காமல் இடிந்து வீழ்ந்தது. 65 பேர் மாண்டனர்.

ஜப்பானில் சிராகாவா கோ என்னும் சிற்றூரார் இத்தீங்கினை முன்னரே உணர்ந்தவர்கள். வணங்கக் கூப்பிய கைகளைப் போலச் செங்குத்தாகச் சாய்த்துத் தம் கூரைகளைப் புல்லால் வேய்ந்தனர். பனி நில்லாமல் வழுக்கிவிடும். ஒரு வீட்டின் கூரையைப் புதுப்பிக்க ஊரே திரண்டு வருவது அங்கு வழக்கம். நம் தோட்டத்துக் கோத்தோங் ரோயோங்கைப் போன்றதே அது.

நம் பேரா மாநிலத்தில் பனி பொழிவதில்லை. ஆனால் கூரைக்குப் பகை உண்டு. பனிநாட்டில் பகை மேலிருந்து அழுத்துகிறது. இங்கோ கூரையைத் தூக்கி எறிகிறது. அப்பகை காற்றே.

ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பரிலும் பருவக்காற்று திசை மாறும். காலையெல்லாம் வெயில் காயும். பிற்பகலில் தித்திவங்சா மலைத்தொடரின் பக்கம் முகில் கருத்துத் திரளும். மழைக்கு முன்னே காற்று வந்து சேரும். நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில் அவ்வாறு வந்த காற்று, வகுப்பறையின் தகரங்கள் ஆறினைப் பெயர்த்துத் திடலின் மறுகோடியில் போட்டது. பள்ளி விட்டு அரைமணி நேரமே ஆகியிருந்தது. அத்திடலின் வழியாகத்தான் பிள்ளைகள் நாள்தோறும் வீடு செல்வர்.

மறுநாள் தச்சர் வந்தபோது நாமும் உடனிருந்து பார்த்தோம். சட்டங்கள் முறியவில்லை, தகரமும் கிழியவில்லை. கூரையின் ஓரத்து ஆணிகள் துருவேறித் தளர்ந்திருந்தன. அங்கே நுழைந்த காற்று மற்றவற்றை வரிசையாகப் பிடுங்கியிருந்தது.

காற்று எவ்வாறு தூக்குகிறது? ஒரு தாள் துண்டை உதட்டின் கீழே பிடித்து, அதன் மேற்புறமாக ஊதிப் பாருங்கள். தொங்கும் தாள் மேலே எழும். கூரைமேல் விரைந்து செல்லும் காற்றும் தகரத்தை அவ்வாறே மேல்நோக்கி ஈர்க்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகமுள்ள காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோகிராம் எடைக்குச் சமம். தகரத்தின் எடையோ மூன்று, நான்கு கிலோகிராமே. எஞ்சிய விசையைத் தாங்குவது ஆணி ஒன்றே. ஈர்ப்பு மிகுவது கூரையின் மூலைகளிலும் ஓரங்களிலும் ஆகும். காற்று வரும் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளும். ஆகவே முகில் கருத்தவுடன் அச்சன்னலை முதலில் அடைக்க வேண்டும்.

ஆணியைத் தகரத்தின் மேட்டில் அடிக்க வேண்டும். நீர் ஓடும் பள்ளத்தில் அடித்தல் தவறு. இரப்பர் வாசருடன் கூடிய திருகாணி, வெறும் ஆணியினும் நன்று. ஓரத்திலும் மூலையிலும் நெருக்கமாகப் பொருத்துதல் வேண்டும். சிலர் தகரத்தின்மேல் பழைய டயரையும் கல்லையும் ஏற்றி வைக்கின்றனர். தகரம் பறக்கும் நாளில் கல்லும் உடன் பறக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. சமையற்கட்டை ஒட்டி நான்கு கால் நட்டுப் போடும் இறக்கமும் குடைபோலக் காற்றை ஏந்திக்கொள்ளும். காலோடு தகரத்தை இறுகப் பிணைக்காவிடின் முதலில் பறப்பது அதுவே.

கூரையைச் சோதிக்க ஏணி வேண்டுவதில்லை. நண்பகலில் கதவு சன்னல்களைச் சாத்தி, இருட்டில் நின்று அண்ணாந்து நோக்குங்கள். துருப்பிடித்த துளை ஒவ்வொன்றிலும் சூரியன் எட்டிப் பார்ப்பான். இதனை மாணவர்களே செய்து தந்தையிடம் காட்டலாம். மேலே ஏறுவது மட்டும் பெரியவர் வேலை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையாயின் பெரியவரும் ஏறலாகாது. அது மிதித்தால் உடையும். உடைந்தால் எழும் தூசி நுரையீரலுக்குக் கேடு.

இனி மழைநீர் பற்றிச் சிறிது. தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. 54 சதுர மீட்டர்க் கூரையில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2700 லிட்டர் நீர் விளிம்புக்கு ஓடி வரும். அங்குள்ள தகரக் கால்வாய் அடைபட்டிருந்தால், நீர் பின்னோக்கி ஏறிச் சட்டத்தை நனைக்கும். நனைந்த சட்டம் உளுத்துப்போகும். உளுத்த மரத்தில் ஆணி நில்லாது. தேங்கிய நீரில் ஏடிஸ் கொசுவும் பெருகும்.

கால்வாயை அடைப்பது எது? சனவரி தொடங்கி மார்ச்சு வரை இரப்பர் மரங்கள் இலை உதிர்க்கின்றன. இதனைத் தோட்டத்துத் துரைமார் ‘விண்டரிங்’, அதாவது குளிர்காலம் காணுதல், என்று அழைத்தனர். நமக்கும் ஒரு குளிர்காலம் உண்டு போலும்! அவ்விலைகள் கால்வாயை நிரப்பி முடிக்கும் வேளையில், ஏப்ரல் மாத இடிமழை வந்துவிடுகிறது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன எனினும், வீட்டோரத்து மாவும் ரம்புத்தானும் இலை கொட்டாமல் இல்லை.

தோட்ட நிருவாகம் தரும் வீடுகளில் வாழ்வோர் ஒன்று அறிதல் வேண்டும். 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டப்படி, அவ்வீடுகளை நல்ல நிலையில் பேணுவது முதலாளியின் கடமை. தளர்ந்த தகரத்தைக் கண்டால் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், எழுத்தில் கொடுத்துப் படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். எழுத உதவி வேண்டுவோர் பள்ளிக்கு வரலாம்.

நம் பள்ளியின் கால்வாய்களை ஆண்டுதோறும் மார்ச்சு மாதக் கடைசிச் சனிக்கிழமையில் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருடன் கூடித் துப்புரவு செய்கிறோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும். ஏணிகள் இரண்டு உள்ளன. பிடிப்பதற்குத்தான் ஆள் போதவில்லை.