கணுக்கள் குறையட்டும்: லோகோவை வெக்டராக்கப் புகும் தம்பி தங்கைகளுக்கு

டிடிபி கடைக்கு வருகிறவர் கைப்பேசியை நீட்டி, "இதுதாங்க எங்க லோகோ, போர்டுக்குப் பெருசா வேணும், விசிட்டிங் கார்டுக்குச் சின்னதா வேணும்" என்பார். வாட்ஸ்அப்பில் நாலு பேர் கைமாறி வந்த மங்கல் படம் அது. எவ்வளவு இழுத்தாலும் உடையாத வெக்டராக அதை மாற்றித் தருவது நம் வேலை. இதற்குத் திருட்டு மென்பொருள் வேண்டாம். 2003 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் இன்க்ஸ்கேப்பும், படத்தைத் துப்புரவாக்க ஜிம்ப்பும் போதும். இரண்டும் இலவசம்.

1. எல்லாப் படத்தையும் மாற்ற முனையாதீர்கள். தட்டையான நிறமும் தெளிவான விளிம்பும் உள்ள லோகோ, முத்திரை, கோட்டோவியம் நன்றாக மாறும். முதலாளியின் புகைப்படத்தை மாற்றினால் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறும், கோப்பு வீங்கும், முகம் முகமாக இருக்காது. அது ஜேபெக்காகவே இருக்கட்டும்.

2. கோப்பின் பெயர் மாறினால் படம் மாறிவிட்டதென்று நம்பாதீர்கள். ஜேபெக்கை இன்க்ஸ்கேப்பில் இழுத்துப்போட்டு எஸ்விஜியாகச் சேமித்தால், அதே பிக்சல்கள்தான் உள்ளே உட்கார்ந்திருக்கும். பெரிதாக்கிப் பாருங்கள், கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எதுவும் நடக்கவில்லை.

3. நல்ல மூலத்தைக் கேட்டு வாங்குங்கள். வாடிக்கையாளரிடம் பழைய பில் புத்தகமோ லெட்டர்பேடோ பெரும்பாலும் இருக்கும். அதை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் பாதி வேலை முடிந்தது. கைப்பேசிப் படம்தான் கதி என்றால், ஜிம்ப்பில் இரண்டு மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டு, பிறகு 'த்ரெஷோல்ட்' கொடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். மென்பொருளுக்கு மயில் தெரியாது, வேல் தெரியாது. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் விளிம்பு ஒன்றுதான் தெரியும். ஜேபெக் எழுத்தைச் சுற்றி விட்டுச்செல்லும் அழுக்கையும் அது உருவமென்றே எடுத்துக்கொள்ளும்.

4. இனி இன்க்ஸ்கேப்பின் 'பாத்' மெனுவில் 'டிரேஸ் பிட்மேப்'. இதன் பின்னால் உழைப்பது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் என்ற நிரல். 'ஸ்பெக்கிள்ஸ்' அளவைக் கூட்டினால் தூசிப் புள்ளிகள் ஒழியும். வெக்டர், பழைய படத்தின் மேலேயே அச்சாகப் பொருந்தி விழும். ஒன்றும் ஆகவில்லையென்று திரும்பத் திரும்ப அழுத்தாமல், மேலே இருப்பதை நகர்த்திப் பாருங்கள், கீழே இருப்பதை அழியுங்கள். பல நிறமென்றால் 'ஸ்டாக்' தெரிவு ஒரு நிறத்தின் அடியில் அடுத்ததை முழுதாகப் பரப்பும். அச்சுக்கு இது நல்லது, நடுவில் வெள்ளைக் கீற்று வராது. ரேடியம் ஸ்டிக்கர் வெட்டுவதற்கு ஆகாது.

5. டிரேஸ் செய்ததை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். உண்மையான தொழில் இங்கேதான் தொடங்குகிறது. கோட்டின் வடிவைத் தீர்மானிக்கும் புள்ளிகளான கணுக்களை (நோட்) திருத்தும் கருவியை எடுத்து ஒரு வட்டத்தைத் தொடுங்கள். வட்டத்துக்கு நான்கு கணுக்கள் போதும். டிரேஸ் அதில் இருபது முப்பதைக்கூடப் போட்டிருக்கும். ஒவ்வொரு உபரிக் கணுவும் ஒரு சிறு நடுக்கம். கார்டில் தெரியாத நடுக்கம் பத்தடி போர்டில் பல்லிளிக்கும். வட்டம், செவ்வகம், நேர்கோடு மூன்றையும் டிரேஸிலிருந்து அழித்துவிட்டுக் கருவியால் புதிதாக வரையுங்கள். மற்ற வளைவுகளில், வளைவு திரும்பும் உச்சியில் மட்டும் கணு இருக்கட்டும்; இடையில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக் கைப்பிடியை இழுத்துச் சரிசெய்யுங்கள். கன்ட்ரோல்-எல் அழுத்தினால் கணுக்கள் தானே குறையும் என்பது உண்மை. ஆனால் அடுத்தடுத்து வேகமாக அழுத்தினால் அதன் கடுமை ஏறிக்கொண்டே போகும், கூர்முனைகள் மழுங்கும். மயிலின் அலகு போனால் மயில் போயிற்று.

6. தமிழ் எழுத்தை டிரேஸ் செய்வது கடைசி வழி. 'ழ'வின் வளைவும் 'ஐ'யின் சுழியும் மங்கல் படத்திலிருந்து ஒருபோதும் சுத்தமாக வராது. எழுத்துரு எதுவென்று தேடி, தட்டச்சு செய்துவிடுங்கள். அதே எழுத்துரு கிடைக்காவிட்டால் உரிமையாளரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கி, கேட்டமரான், முக்தா மலர், பலூ தம்பி போன்ற இலவச யூனிகோட் எழுத்துருக்களில் ஒன்றைப் போடலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால், அது இல்லாத கணினியில் உங்கள் தமிழ் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். யூனிகோடிலும் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்காரும், அளவு கலையும். ஆகவே இரண்டு கோப்பு: எழுத்து எழுத்தாகவே உள்ள ஒன்று உங்களிடம், 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து உருவமாக்கியது அச்சகத்துக்கு. நாளை தொலைபேசி எண் மாறும்போது முதல் கோப்பின் அருமை தெரியும்.

7. கோலம், கையெழுத்து போன்றவற்றுக்குச் சாதாரண டிரேஸ் கோட்டின் இரு கரைகளையும் பிடித்து ஒரு பட்டையாக்கிவிடும். இன்க்ஸ்கேப் 1.0 முதல் 'சென்டர்லைன்' வசதி உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். சிக்குக் கோலத்தில் கோடுகள் குறுக்கிடும் இடமெல்லாம் கையால் திருத்த வேண்டிவரும்.

8. கொடுக்கும் முன் எங்கே போகிறதென்று கேளுங்கள். இணையதளத்துக்கு 'பிளெயின் எஸ்விஜி', பிளெக்ஸ் கடைக்குப் பெரும்பாலும் பிடிஎஃப். திரையில் கண்ட நிறம் மையில் அப்படியே வராது. அவசரமானாலும் ஒரு மாதிரி அச்சு எடுத்துப் பாருங்கள். கட்டிங் பிளாட்டருக்குப் போவதென்றால் 'வியூ' மெனுவில் 'அவுட்லைன்' முறைக்கு மாறுங்கள். நிறமெல்லாம் மறைந்து கோடுகள் மட்டும் நிற்கும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் இரட்டை உருவங்களை இழுத்து நகர்த்திக் கண்டுபிடித்து நீக்குங்கள். விட்டுவிட்டால் கத்தி அதே இடத்தில் இரண்டு முறை ஓடி ஸ்டிக்கரைக் கிழித்துவிடும்.