தஞ்சையில் ஜெயித்த கட்சியும் கைவிட்ட கோரிக்கையும்

கேள்வி: திராவிட நாடு என்ற தனிநாடு கேட்ட தி.மு.க. அதைக் கைவிட்டது ஏன்? தேர்தலுக்கு அதில் பங்கு உண்டா?

பதில்: நிறையவே உண்டு. தேர்தலில் நிற்கலாமா என்று 1956 மே மாதத் திருச்சி மாநாட்டில் பெட்டி வைத்துத் தொண்டர்களிடமே வாக்கெடுத்த கட்சி அது. சட்டமன்றத்தில் 1957இல் 15 இடங்கள், 1962இல் 50. அந்த 1962இல்தான் தஞ்சாவூரில் காங்கிரஸின் பரிசுத்த நாடாரை மு. கருணாநிதி வீழ்த்தினார். காஞ்சிபுரத்தில் கட்சியின் நிறுவனர் அண்ணாவே தோற்றார். பிரிவினை கேட்டபடியே வளர்ந்த கட்சி என்பதால் டெல்லி மிரண்டது.

அதே ஆண்டு அக்டோபரில் சீனப் போர் மூண்டதும் அண்ணா கோரிக்கையை ஒத்திவைத்தார். 1963இல் வந்தது 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம். அதன்படி, வேட்புமனுவோடு இந்திய இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்காதவர் வேட்பாளரே ஆக முடியாது. தேர்தலா, தனிநாடா? கட்சி தேர்தலைத் தேர்ந்தெடுத்தது. அதைக் கோழைத்தனம் என்பது அநியாயம். தொண்டனைச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பாத முடிவு அது.

பலனும் கிடைத்தது. 1967இல் தி.மு.க.வை விடக் காங்கிரஸ் சற்றே கூடுதல் வாக்கு பெற்றது. இரண்டுக்கும் ஏறத்தாழ 41 சதவீதம்தான். ஆனால் கூட்டணி பலத்தாலும், தொகுதியில் முந்தியவருக்கே வெற்றி என்ற முறையாலும் தி.மு.க. 137 இடங்களோடு ஆட்சி அமைத்தது. 1974இல் தமிழகச் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. அப்போது முதல்வர், 1962இல் தஞ்சையில் வென்ற கருணாநிதி.