உடலளவு வேறு, உடையளவு வேறு
(ஜவுளி வியாபாரிகளுக்கும் தையற்கடை நடத்துவோருக்கும் ஒரு பாடம்)

நிறுவையில் தவறு நேர்ந்தால் மறுபடியும் நிறுத்துக் கொடுத்துவிடலாம். பேரேட்டில் தவறு நேர்ந்தால் அடித்து எழுதிவிடலாம். துணியில் கத்தரி ஓடிய பிறகு திருத்தம் என்பது கிடையாது. ஆகவே ஜவுளியும் தையலும் சேர்ந்து நடக்கும் கடைகளில், லாபமும் நஷ்டமும் கத்தரி பிடிப்பதற்கு முன்பே, அளவு நாடாவைப் பிடிக்கும் கையில் தீர்மானமாகிவிடுகின்றன.

சிங்கப்பூர் அராப் ஸ்திரீட்டானாலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவானாலும், பல கடைகளில் நடைபெறும் வழக்கம் யாதெனில், கடைச் சிப்பந்தி அளவெடுப்பார். துணியும் அளவுச் சீட்டும் வேறோர் இடத்திலிருக்கும் தையற்காரருக்குப் போகும். தையற்காரர் வாடிக்கைக்காரரைக் கண்ணால் கண்டதில்லை. சீட்டில் உள்ள எண்களே அவருக்கு ஆள். அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் சந்தேகம் இருந்தால் உடுப்பு கெடுவது நிச்சயம்.

சீட்டில் "மார்பு 38" என்று இருக்கிறது. அது உடலின் சுற்றளவா, தைத்து முடிந்த உடுப்பின் சுற்றளவா? உடல் 36 அங்குலமாக இருக்க, சிப்பந்தி தாமாகவே 2 அங்குலம் கூட்டி எழுதியிருக்கலாம். தையற்காரரோ அதை உடலளவு என்று கருதி, தம் வழக்கப்படி மேலும் 6 அங்குலம் கூட்டுவார். 42 அங்குலத்தில் வரவேண்டிய உடுப்பு 44 ஆகிவிடும். மாறாக, 38 என்பதை முடிந்த உடுப்பின் அளவு என்று அவர் கொண்டுவிட்டால், அணிந்தவர் கையைத் தூக்க முடியாது. இரண்டு பேரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்திருப்பார்கள். நஷ்டம் மட்டும் முதலாளிக்கு வந்து சேரும்.

இதற்குப் பரிகாரம் எளியது. அளவுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கோடிடுங்கள். முதற்பத்தியில் உடலளவு, உள்ளதை உள்ளபடியே எழுதுவது. இரண்டாவதில் தளர்வு, அதாவது தையற்காரர்கள் "லூஸ்" என்று சொல்வது. மூன்றாவதில் இரண்டையும் கூட்டி வந்த உடையளவு. தையலுக்காக ஓரத்தில் விடும் துணி இந்த மூன்றிலும் சேராது. அது வெட்டும்போது தையற்காரர் விடுவது.

மார்பைச் சுற்றி அளக்கும்போது நாடாவுக்குள் இரண்டு விரல் விட்டு அளப்பது பழைய வழக்கம். அவ்வழக்கத்தை விட்டுவிடுவதே நலம். மெலிந்த விரலுக்கும் தடித்த விரலுக்கும் இடையே அரை அங்குல வித்தியாசம் எளிதில் வந்துவிடும். இன்று ஒருவர், நாளை ஒருவர் என்று அளவெடுக்கும் கடையில் விரல்களை நம்ப முடியாது. நாடா உடலைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், அழுத்தக் கூடாது. தளர்வை எண்ணாகப் பத்தியில் எழுதுங்கள்.

அளவு நாடா

முதலில் நாடாவையே சோதிக்க வேண்டும். துணி நாடா நாளடைவில் இழுபட்டு நீண்டுவிடும். நீண்ட நாடா, உள்ளதைவிடக் குறைவான எண்ணையே காட்டும். கண்ணாடி இழை கலந்த நாடா அவ்வளவு எளிதில் நீளாது. எதுவாயினும் மாதம் ஒருமுறை இரும்பு அடிக்கோலின்மேல் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நாடாவின் முனையிலுள்ள தகடு ஆடினாலும், முதல் அங்குலம் தேய்ந்திருந்தாலும் அந்த நாடாவைத் தள்ளிவிடுங்கள்.

அங்குலமா, சென்டிமீட்டரா என்பதையும் சீட்டில் எழுத வேண்டும். ஓர் அங்குலம் 2.54 சென்டிமீட்டர். ஒரு கஜம் 0.9144 மீட்டர். சிங்கப்பூரில் 1970-இல் மெட்ரிக் வாரியம் அமைந்தது. மலேசியாவில் 1972-இல் எடை அளவுச் சட்டம் வந்தது. துணி மீட்டரில் விற்கத் தொடங்கிய பின்னரும் தையல் மேசையில் அங்குலம் போகவில்லை. ஒரு ஜோடி பாஜு குரோங்கிற்கு, 45 அங்குலப் பன்னாத் துணியில் பொதுவாக 4 மீட்டர் கொடுக்கிறோம். அதை 4 கஜம் என்று நினைத்து வெட்டினால், ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் குறையும். அது ஒரு கை நீளத்தில் பாதிக்கு மேல்.

அளவெடுக்கும் முறை

பெண்களுக்குப் பெண் சிப்பந்தியே அளவெடுக்க வேண்டும். மறைவான ஓர் இடமும், கண்ணாடியும், எழுதிக்கொள்ள இன்னொரு பெண்ணும் இருந்தால் போதும். அளவெடுப்பவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும்.

அளவு கொடுப்பவர் மெல்லிய உடுப்புடன், சாதாரணமாக நிற்கட்டும். மூச்சை அடக்கவோ, நெஞ்சை நிமிர்த்தவோ சொல்லாதீர்கள். அவர் குனிந்து அளவைப் பார்க்க முயன்றால் அளவு மாறும். இடுப்பில் ஒரு மெல்லிய கயிற்றைக் கட்டிவிடுங்கள்; உடல் சற்று அசைந்ததும் அது தானே இயற்கையான இடுப்பில் போய் நிற்கும்.

மேலிருந்து கீழாக, எப்போதும் ஒரே வரிசையில் அளக்க வேண்டும்.

1. கழுத்து: கழுத்தும் தோளும் சேரும் அடிப்பகுதியைச் சுற்றி. பாஜு மலாயுவில் செக்காக் மூசாங் என்னும் நிமிர்ந்த பட்டைக் கழுத்துக்கு இது மிகவும் முக்கியம்.

2. தோள்: ஒரு தோள் எலும்பின் முனையிலிருந்து மற்றதன் முனை வரை, முதுகுப்புறமாக. கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் மூட்டில் ஒரு சிறு பள்ளம் தெரியும், அதுவே முனை.

3. மார்பு: மிகப் பருத்த இடத்தைச் சுற்றி. கையைத் தூக்கி நாடாவைச் சுற்றியபின், கையைத் தொங்கவிடச் சொல்லி எண்ணைப் பாருங்கள். முதுகில் நாடா இறங்கியிருக்கிறதா என்று கண்ணாடியில் கவனியுங்கள்.

4. இடுப்பு: கட்டிய கயிற்றின் மேலேயே.

5. சீட்: இடுப்புக்குக் கீழே மிகப் பருத்த இடத்தில், இரு கால்களையும் சேர்த்து நிற்கவைத்து. சட்டைப்பை, பாவாடைப்பை எல்லாம் காலியாக இருக்க வேண்டும்.

6. உடுப்பின் நீளம்: கழுத்தோரத் தோளிலிருந்து வேண்டிய இடம் வரை. கைனின் நீளத்தை, பெருநாளன்று எந்தச் செருப்பை அணிவாரோ அதை அணியச் சொல்லி அளக்க வேண்டும்.

ஒவ்வோர் அளவையும் இரண்டு முறை எடுங்கள். அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாம் முறையும் எடுங்கள்.

கையின் கணக்கு

பாஜு குரோங்கில் அதிகமாகத் தவறுவது கையளவே. பழைய முறையில் வெட்டும் குரோங்கில், உடற்பாகம் நேராக வெட்டிய துணி. அதன் ஓரம் தோள் எலும்பைத் தாண்டிக் கீழே இறங்கும். அங்கேதான் கை சேர்கிறது. மீதி அகலத்தைப் பக்கத்தில் வைக்கும் பெசாக்கும், அக்குளில் வைக்கும் கெக்கெக்கும் தருகின்றன. ஆகவே தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்த அளவையே கையின் நீளமாக வெட்டினால் கை நீண்டுவிடும்.

உதாரணமாக, தோள் 15 அங்குலம். அதில் பாதி ஏழரை. தோள் முனையிலிருந்து மணிக்கட்டு வரை இருபத்திரண்டரை. கூட்டினால் பின்கழுத்து நடுவிலிருந்து மணிக்கட்டு வரை 30 அங்குலம். உடற்பாகத் துணியின் அகலம் 18 என்றால் அதில் பாதி 9. கைக்கு வேண்டியது 21 மட்டுமே. இருபத்திரண்டரை வெட்டினால் ஒன்றரை அங்குலம் விரல்களின் மேல் வந்து விழும். ஆகவே பின்கழுத்து நடுவிலிருந்து, தோள் வழியாக, சற்று மடக்கிய முழங்கையைத் தொட்டு, மணிக்கட்டு வரை ஒரே ஓட்டமாக அளந்து எழுதுங்கள். உடற்பாகத்தின் பாதியைத் தையற்காரர் கழித்துக்கொள்வார்.

வடிவான கைக்குழியுடன் தைக்கும் சட்டை, ரவிக்கைகளுக்குத் தோள் முனையிலிருந்து எடுத்த அளவே பொருந்தும். அவற்றுக்குக் காகிதத்தில் பேட்டன் வரைபவர்கள், சுற்றளவில் கால் பங்கையே வரைகிறார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காகிதத்தில் கால் அங்குலம் தவறினால் உடுப்பில் ஓர் அங்குலம் தவறும்.

மாதிரி உடுப்பு

சிலர் அளவு கொடுக்க விரும்பாமல் பழைய உடுப்பைக் கொண்டுவருவார்கள். அதுவும் நல்ல வழியே. உடுப்பைச் சுருக்கமின்றி மேசையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து இரட்டிப்பாக்குங்கள். ஆனால் இது உடலளவு அன்று. தளர்வு ஏற்கனவே அதற்குள் இருக்கிறது. ஆகவே மூன்றாம் பத்தியில் நேராக எழுதி, முதலிரண்டு பத்திகளிலும் கோடு போட்டுவிடுங்கள்.

துணி சுருங்குவதையும் மறக்கலாகாது. பருத்தித் துணி நூற்றுக்கு 3 சுருங்குமானால், 40 அங்குல நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் போய்விடும். 4 மீட்டரில் 12 சென்டிமீட்டர். சுருங்கும் துணியை நனைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும் என்று சீட்டில் குறியுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சென்ற வருஷத்து அளவு இவ்வருஷம் உதவாது. பெரியவர்களுக்கும் உடல் மாறும். பெருநாள் நெருக்கடியில் "பழைய அளவுதான்" என்று வாடிக்கைக்காரர் சொன்னாலும், மார்பையும் சீட்டையும் மட்டுமாவது புதிதாக எடுத்துவிடுங்கள். இரண்டு நிமிஷ வேலை அது. பெருநாள் காலையில் உடுப்புச் சேராமல் ஒரு குடும்பம் மனம் வருந்தினால், கூலியைத் திருப்பிக் கொடுப்பதால் அந்தக் காலை திரும்பி வராது. அடுத்த வருஷம் அவர்கள் வேறு கடையின் படியேறுவார்கள்.

கடையில் இருக்கும் நாடாக்களை அடிக்கோலில் வைத்துப் பார்ப்பதும், அளவுப் புத்தகத்தில் மூன்று பத்திகள் கோடிடுவதும் இன்றே செய்யக்கூடியவை. செலவு ஏதுமில்லை.