காற்றுக்கும் கணக்குண்டு

"ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் பயமில்லை" என்று வீட்டில் பெரியோர் சொல்வதுண்டு. அது எப்போதும் உண்மைதானா? விடுமுறையில் ஒரு கணிப்பொறி விளையாட்டு எங்களுக்குக் கற்பித்த பாடத்தை இங்கே கூற விழைகிறோம்.

கனடா நாட்டின் க்ளே நிறுவனம் 2019-ஆம் ஆண்டு முழு வடிவில் வெளியிட்ட அவ்விளையாட்டின் பெயர் 'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்'. விண்கல்லின் உள்ளே சிக்கிய சிலரை நாம் உயிருடன் காக்க வேண்டும். ஒருவருக்கு நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் தேவை. எங்கள் குடியிருப்பில் எட்டுப் பேர். ஆகவே 800 கிராம்.

அதைப் பெற நாங்கள் இரு வழிகளை அமைத்தோம். முதலாவது, நீரைப் பகுக்கும் கருவி. அது நொடிக்கு 1 கிலோ நீரிலிருந்து 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தரும். இரண்டாவது, பாசிக் கருவி. அது 550 கிராம் பாசியை உண்டு 500 கிராம் ஆக்சிஜன் தரும். ஒன்று ஐவருக்கே போதும் என்பதால் இரண்டு வைத்தோம்.

எங்கள் முதல் தவறு, எல்லாவற்றையும் எந்நேரமும் ஓடவிட்டது. புதிய அறைகளைத் தோண்டத் தோண்ட காற்று பரவியது, பாசியும் கரைந்தது. நீர் வற்றிய நாளில் பாசிக் கிடங்கு காலி! சேமிப்பு என்று பெயரிட்டதை அன்றாடச் செலவில் சேர்த்திருந்தோம்.

மறுமுறை கணக்கிட்டோம். எண்மருக்கு நொடிக்கு 880 கிராம் பாசி வேண்டும். விளையாட்டில் ஒரு நாள் 600 நொடி. ஆகவே நாளொன்றுக்கு 528 கிலோ. ஐந்து நாள் தாங்க 2,640 கிலோவை ஒதுக்கினோம். காற்றழுத்தம் குறைந்தால் மட்டுமே பாசிக் கருவி இயங்குமாறு அழுத்த உணரி ஒன்றையும் இணைத்தோம்.

மீண்டும் நீர் நின்றது. பாசி நிறைய இருந்தும் கருவி அசையவில்லை! ஏன்? எங்கள் மின்சாரம் முழுவதும் ஹைட்ரஜன் மின்னாக்கியிலிருந்து வந்தது. அந்த ஹைட்ரஜனோ நீர்க் கருவி தந்தது. நீர் நின்றதும் ஹைட்ரஜன் நின்றது. பின் மின்சாரம் நின்றது. அதனால் பாசிக் கருவியும் நின்றது. இரண்டு என்று எண்ணியிருந்தோம். வேரில் அவை ஒன்றே.

தீர்வு எளிதாயிருந்தது. ஆள் ஓடிச் சுழற்றும் சக்கர மின்னாக்கி 400 வாட் தரும். இரு பாசிக் கருவிகளுக்கும் சேர்த்து 240 வாட்டே தேவை. அதைத் தனிக் கம்பியில் இணைத்தோம். அடுத்த முறை நீர் நின்றபோது எண்மரும் பிழைத்தனர்.

அன்புத் தோழியரே, வீட்டில் கிணறும் ஆழ்துளைக் குழாயும் இருக்கலாம். இரண்டுக்கும் மின் மோட்டார்தான் என்றால், மின்தடையன்று குடம் நிறையுமா? கிணற்றடியில் ஒரு கயிறும் வாளியும் இருக்கட்டும். மாற்று வழிகளை எண்ணுமுன் அவற்றின் வேர்களை எண்ணுவோம்.