காப்பிக்கடை மேசையிலிருந்து உள்துறை அமைச்சர்வரை: புக்கிட் பாஞ்சாங்வாசிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இரவு எட்டு மணிக்கு பங்கிட் ரோட்டுக் காப்பிக்கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். மேசைக்கு ஓர் உள்துறை அமைச்சர் இருப்பார். மோசடிக்காரனுக்குப் பிரம்படி போதுமா என்று ஒருவர், வேப்போடு பிடிபட்ட பையனை என்ன செய்வார்கள் என்று இன்னொருவர். கோப்பி ஆறுவதற்குள் நாட்டின் சட்டம் ஒழுங்கு சீராகிவிடும். அந்தப் பேச்சில் நல்ல கேள்விகளும் இருக்கும். மேசையைத் துடைக்கும்போது அவையும் சேர்ந்து போய்விடும், அவ்வளவுதான்.

அவற்றில் ஒன்றையாவது நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோக முடியும். நீங்கள் எழுந்து கேட்க முடியாது. உங்கள் உறுப்பினர் கேட்கலாம், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில்: எந்த அமைச்சர்?

பல ஆண்டுகள் இந்தக் கேள்விக்கு ஒரே பெயர்தான் பதில். கா. சண்முகம் 2008 முதல் சட்ட அமைச்சர், 2015 அக்டோபர் முதல் உள்துறை அமைச்சரும் அவரே. போலிஸ் என்றாலும் சட்டம் என்றாலும் எழுந்து பதில் சொன்னவர் அவர். 2025 பொதுத் தேர்தலுக்குப் பிறகு சட்ட அமைச்சு எட்வின் டோங்கிடம் போனது, உள்துறை சண்முகத்திடம் இருந்தது. இப்போது கேள்வியைப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும்.

காவல்துறை, சிறை, குடிநுழைவு, போதைப்பொருள், தீயணைப்பு எல்லாம் உள்துறை. சட்ட உதவி, நொடிப்புநிலை, சமரசம், நிலம் போன்றவை சட்ட அமைச்சு. எல்ஆர்டி மறுபடி நின்றுவிட்டதா? அது போக்குவரத்து அமைச்சரின் தலைவலி. 1999இல் ஓடத் தொடங்கியதிலிருந்து நம்மூர் எல்ஆர்டி நாடாளுமன்றத்துக்கு வஞ்சனையில்லாமல் கேள்விகளை வழங்கிவருகிறது. அதற்கு இந்தக் கட்டுரை போதாது.

உங்கள் உறுப்பினர் யார்?

புக்கிட் பாஞ்சாங்கில் குடியிருப்பவர் எல்லாரும் புக்கிட் பாஞ்சாங் தனித்தொகுதி வாக்காளர் அல்லர். சில புளோக்குகள் ஹாலந்து-புக்கிட் தீமா குழுத்தொகுதிக்குள் வருகின்றன. பக்கத்துப் புளோக்கில் இருப்பவர் போகும் இடத்துக்கே நீங்களும் போய் வரிசையில் நின்று, கடைசியில் "அங்கிள், உங்கள் எம்பி வேறு" என்று கேட்டுத் திரும்ப வேண்டாம். தேர்தல் துறை இணையத்தளத்தில் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் போதும்.

தனித்தொகுதியின் உறுப்பினர் மக்கள் செயல் கட்சியின் லியாங் எங் ஹுவா. 2020இல் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சியின் பால் தம்பையாவை 53.74 விழுக்காட்டில் வென்றார். 2025இல் அதே எதிராளி, 61.41 விழுக்காடு. அமைச்சுப் பதவி இல்லாத உறுப்பினர் என்பதால் அமைச்சர்களிடம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். குழுத்தொகுதிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வட்டாரத்தைப் பார்ப்பவர் அமைச்சராக இருந்தால் அவர் இன்னோர் அமைச்சரிடம் கேள்வி போட மாட்டார். அதே குழுவில் பதவியில் இல்லாத உறுப்பினர் இருப்பார், அவரைப் பாருங்கள்.

மக்கள் சந்திப்புக்குப் போகும்போது

உறுப்பினர் தொகுதிவாசிகளைச் சந்திப்பது வாரத்தில் ஓர் இரவு, பெரும்பாலும் புளோக்கின் கீழ்த்தளத்தில். நெகிழி நாற்காலிகள், வரிசை எண், மடிக்கணினியோடு தொண்டூழியர்கள். நான் சில காலம் அந்த மடிக்கணினிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் கேட்பது கடிதம்: வீவக வாடகை, வேலை அனுமதி, அபராதம் தள்ளுபடி. "நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்க வேண்டும்" என்று யாராவது சொன்னால் தொண்டூழியரே ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்.

ஓர் இரவு ஒரு பாட்டி வந்தார். வங்கி அறிக்கையை நாலாக மடித்து நெகிழிப் பைக்குள் வைத்திருந்தார். போலிஸ் அதிகாரி என்று சொல்லி ஒருவன் தொலைபேசியில் மூன்று நாள் பேசியிருக்கிறான், சேமிப்பு போய்விட்டது. அவருக்கு வேண்டியது பணம். ஆனால் பேசி முடித்து எழுந்தபோது, "ஏன் தம்பி, என் மகன்தான் முதல் நாளே வங்கியில் சொன்னானே, யாரும் ஏன் நிறுத்தவில்லை?" என்றார். பணம் கேட்ட கடிதத்தை அன்றே தட்டிவிட்டோம். அந்தக் கேள்வியை எழுதிவைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

கொண்டுபோக வேண்டியவை: அடையாள அட்டை, போலிஸ் புகார் எண், வந்த கடிதங்கள். கூடவே ஒரே ஒரு தாளில் உங்கள் கேள்வி. அந்தத் தாள்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கேள்வியை எழுதுதல்

நாடாளுமன்றக் கேள்வி புகாரும் அல்ல, சொற்பொழிவும் அல்ல. வாதம் இருக்கக்கூடாது என்பது நிலையாணைகளின் விதி. பெரும்பாலும் (அ), (ஆ), (இ) என்று மூன்று துண்டுகளாக வரும். பாட்டியின் கேள்வியையே எடுத்துக்கொள்வோம்.

மோசமான வடிவம்: "மோசடிகளைத் தடுக்க அரசாங்கம் என்ன செய்கிறது?" இதற்குப் பதில் தயாராகவே இருக்கும். 1799 உதவி எண், ஸ்கேம்ஷீல்டு செயலி, பொதுக் கல்வி. ஐந்து நிமிடம் வாசிப்பார்கள். உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

நல்ல வடிவத்துக்குச் சட்டத்தைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 2024இல் மோசடிகளில் பறிபோனது ஏறத்தாழ 1.1 பில்லியன் வெள்ளி. 2025 ஜனவரியில் நிறைவேறிய மோசடிப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. ஏமாற்றப்படுகிறோம் என்பதை நம்ப மறுக்கும் ஒருவரின் கணக்கிலிருந்து பணம் போகாதபடி வங்கிக்குப் போலிஸ் ஆணையிடலாம், முதலில் 30 நாள் வரை. இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் இப்படி வரும்:

உள்துறை அமைச்சரிடம்: (அ) சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து இத்தகைய ஆணைகள் எத்தனை பிறப்பிக்கப்பட்டன, (ஆ) அவற்றில் 65 வயதுக்கு மேற்பட்டோரின் கணக்குகள் எத்தனை, (இ) குடும்பத்தார் தகவல் தந்த நேரத்திலிருந்து ஆணை பிறக்கும்வரை சராசரியாக எவ்வளவு நேரம் ஆகிறது.

(இ)தான் பாட்டியின் கேள்வி. அழுகை போய்விட்டது, அவர் கேட்டது அப்படியே இருக்கிறது. இதற்கு எண்ணைத்தான் சொல்ல வேண்டும். எண் இல்லை என்றால், இல்லை என்பதே ஒரு பதில்.

குறுகலான கேள்விக்கு எவ்வளவு வலு என்பதற்கு நம் பக்கத்துக் குழுத்தொகுதியிலேயே சாட்சி இருக்கிறது. கொவிட் காலத்து 'டிரேஸ்டுகெதர்' நினைவிருக்கும், கடைக்குள் நுழையக் காட்டினோமே. அதன் தரவு தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய மட்டுமே என்று 2020இல் உறுதி சொல்லப்பட்டது. 2021 ஜனவரி 4 அன்று ஹாலந்து-புக்கிட் தீமா உறுப்பினர் கிறிஸ்டஃபர் டி சூசா கேட்டது இவ்வளவுதான்: குற்றப் புலனாய்வுக்கு அந்தத் தரவைப் போலிஸ் பயன்படுத்துமா, எந்தச் சட்டத்தின்படி, பாதுகாப்பு என்ன? உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி பெற முடியும் என்றார். நாடு விழித்துக்கொண்டது. மறுநாள் அதே குழுத்தொகுதியின் டாக்டர் விவியன் பாலகிருஷ்ணன், உறுதி கொடுத்தபோது அந்தச் சட்டம் தம் நினைவில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். பிப்ரவரி 2இல் புதிய சட்டம் வந்தது: ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே.

எனக்குப் பிடித்த பகுதி பிறகுதான் தெரியவந்தது. இந்தச் சட்டச் சிக்கல் விவியனுக்கு உறைத்ததே 2020 அக்டோபர் இறுதியில் பொதுமக்களில் ஒருவர் அவரிடம் கேட்ட கேள்வியால். அவர் யார் என்பது பதிவில் இல்லை.

கேட்டால் திரும்பி வரும் கேள்விகள்

நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கைப் பற்றிக் கேட்க முடியாது. ஒருவர்மீது குற்றஞ்சாட்டுவதா வேண்டாமா என்பது அமைச்சரின் அதிகாரமும் அல்ல, தலைமைச் சட்ட அதிகாரியுடையது. உங்கள் தம்பியின் வழக்கை நிறுத்தச் சொல்லி உறுப்பினரிடம் கெஞ்சிப் பயனில்லை. நீதிமன்றத்துக்கு நேராகக் கடிதம் எழுத வேண்டாம் என்று 2018இல் மக்கள் செயல் கட்சியின் கொறடாவே தம் கட்சி உறுப்பினர்களுக்கு நினைவூட்டினார்.

வழக்கு முடியட்டும், வாசல் திறக்கும். திருட்டுக் குற்றம் சாட்டப்பட்ட இந்தோனேசியப் பணிப்பெண் பார்த்தி லியானியை உயர் நீதிமன்றம் 2020 செப்டம்பர் 4 அன்று விடுவித்தது. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 4இல், போலிஸ் எங்கே தவறியது என்று சண்முகம் நாடாளுமன்றத்தில் நீண்ட அறிக்கை வாசித்தார். வசதியற்றவர்களுக்கு அரசே வழக்கறிஞர் தருவது பற்றி அப்போது பேசப்பட்டது. பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகம் 2022 டிசம்பரில் திறந்தது.

கதையைக் கூட்டிச் சொல்வது எல்லாவற்றையும்விட ஆபத்து. 2021 ஆகஸ்டில் பாட்டாளிக் கட்சியின் ரயீசா கான், பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒருவருடன் போலிஸ் நிலையம் போனதாகவும் அங்கே அவரை மரியாதையின்றி நடத்தியதாகவும் பேசினார். அக்டோபரில் சண்முகம் விவரம் கேட்டார். நவம்பரில் அது உண்மையல்ல என்று ஒப்புக்கொண்டார் ரயீசா, பதவி விலகினார், 35,000 வெள்ளி அபராதம் வந்தது. இங்கே கேள்வி அமைச்சரிடமிருந்து உறுப்பினரை நோக்கியும் பாயும். உங்கள் தாளில் எழுதுவது ஒவ்வொன்றுக்கும் கையில் ஆதாரம் இருக்கட்டும்.

நாட்காட்டி

கேள்விக்கு முழுதாக ஏழு நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்வி தரலாம், அதில் வாய்மொழிப் பதிலுக்கு மூன்று. கேள்வி நேரம் ஒன்றரை மணி நேரம். உங்கள் கேள்வியின் முறை வருவதற்குள் மணி தீர்ந்துவிட்டால் எழுத்தில் பதில் வரும், அல்லது உறுப்பினர் அடுத்த அமர்வுக்குத் தள்ளிக் கேட்பார்.

பெரிய விவகாரமென்றால் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் வராது, மொத்தமாக அமைச்சர்நிலை அறிக்கை வரும். 2013 டிசம்பர் 8 லிட்டில் இந்தியா கலவரத்துக்குப் பிறகு அப்படித்தான், அப்போதைய உள்துறை அமைச்சர் டியோ சீ ஹியன் அடுத்த மாதம் அறிக்கை அளித்தார். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஓர் இரவு நடந்ததற்காக, இன்றும் பங்கிட் ரோட்டு மளிகைக்கடைக்காரர் இரவு பத்தரைக்குப் பீர் அலமாரியைப் பூட்டுகிறார்.

பதில் நாளில்

நேரில் போகலாம், பார்வையாளர் மாடம் உண்டு. புக்கிட் பாஞ்சாங்கில் டவுன்டவுன் பாதையில் ஏறி, சைனாடவுனில் வடகிழக்குப் பாதைக்கு மாறினால் அடுத்த நிறுத்தம் கிளார்க் கீ. அங்கிருந்து நடை. அடையாள அட்டையை மறக்காதீர்கள். 2021 முதல் அமர்வுகள் இணையத்தில் நேரலையாகவும் வருகின்றன. தமிழில் பேசவும் அரசமைப்பே இடம் தருகிறது, உடனுக்குடன் மொழிபெயர்ப்பார்கள்.

அமைச்சர் முதலில் வாசிப்பது அதிகாரிகள் எழுதிய பதில். அது முடிந்ததும் அவைநாயகர் துணைக் கேள்விகளுக்கு அழைப்பார். அங்கேதான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். கையில் தாள் இல்லாமல் அமைச்சர் பேசுவது அப்போதுதான். எனவே உறுப்பினரிடம் கேள்வியைக் கொடுக்கும்போதே ஒரு துணைக் கேள்வியையும் கொடுத்துவிடுங்கள்: சராசரி நேரம் சொன்னால், மிக நீண்ட நேரம் எவ்வளவு என்று.

நாளிதழ் ஒரு பத்தி போடும், போடாமலும் இருக்கும். நாடாளுமன்ற அறிக்கைப் பதிவில் முழுதும் கிடைக்கும், உறுப்பினர் பெயரையோ தலைப்பையோ தட்டித் தேடலாம். பதிலை அச்செடுங்கள். கேட்டதற்கும் சொன்னதற்கும் கோடு போட்டுப் பாருங்கள். (இ)க்குப் பதில் இல்லையென்றால், அடுத்த வாரம் அதே கீழ்த்தளம், அதே நெகிழி நாற்காலி. தாளில் (இ) மட்டும்.