ஓடத்துறையும் ஊராட்சியும்

காவிரியாறு முக்கொம்பில் இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயருடனேயே ஓடுகின்றது. வடகிளை கொள்ளிடம் எனப்படுகின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தீவில் திருவரங்கம் அமைந்துள்ளது. சுற்றிலும் நீர் சூழ்ந்த அவ்வூருக்குச் செல்வோர் முற்காலத்தில் எவ்வாறு சென்றனர்? கோடையில் மணலில் நடந்து கடந்தனர்; வெள்ளக் காலத்தில் ஓடம் ஏறினர். இன்று திருச்சிராப்பள்ளியில் காவிரிக் கரையையொட்டி 'ஓடத்துறை' என்று ஒரு பகுதி வழங்கி வருகின்றது. ஓடங்கள் மறைந்துவிட்டன, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஓடம் மறைந்தமைக்குக் காரணம் பாலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் பாலங்கள் எழுந்தன. பின்னர்க் கொள்ளிடத்தில் 1928-ஆம் ஆண்டில் இரும்புப் பாலமும், காவிரியில் 1976-ஆம் ஆண்டில் புதிய பாலமும் அமைந்தன. பல்லாயிரம் மக்கள் நாள்தோறும் கால் நனையாமல் ஆற்றைக் கடக்கும் வசதி இவ்வாறு கிட்டியது. ஆயினும் ஆற்றின் வலிமையை நாம் மறந்துவிடலாகாது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தில், ஏற்கெனவே போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் சாய்ந்தன. அதே மாதம் 22-ஆம் நாள், முக்கொம்பில் 1836-ஆம் ஆண்டைச் சேர்ந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. கல்லும் இரும்பும் நிற்க மாட்டாத வெள்ளத்தில் ஓடக்காரர் துடுப்புப் போட்டு வந்தார் என்றால், அவருடைய தொழிலறிவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

படகு இன்னும் ஓடும் இடம்

திருச்சிராப்பள்ளிக்கு வந்து சேரும் இக்காவிரி நீர் மேட்டூரில் தேங்கி நின்று வருவது. 1925-ஆம் ஆண்டில் தொடங்கி 1934-ஆம் ஆண்டில் முடிவுற்ற மேட்டூர் அணை, ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்னும் பேரேரியை உண்டாக்கியது. இதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 ஆயிரம் மில்லியன் கன அடி. டெல்டா வயல்களுக்கு இதனால் விளைந்த நன்மையை உழவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், அந்நீரின் அடியில் பழைய ஊர்கள் மூழ்கின என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நீர்மட்டம் மிகவும் தாழும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன.

ஊர்களோடு வழிகளும் மூழ்கின. ஒரு கரையில் சேலம் மாவட்டத்துப் பண்ணவாடியும் கோட்டையூரும் உள்ளன. எதிர்க்கரையில் தருமபுரி மாவட்டத்து நாகமரையும் ஒட்டனூரும் உள்ளன. எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிகின்றது. ஆனால் சாலை வழியே செல்வதாயின் நெடுந்தூரம் சுற்ற வேண்டும். ஆகவே மாணவர்களும், சந்தைக்குச் செல்வோரும், உறவினரைக் காணச் செல்வோரும் பரிசலையும் விசைப்படகையும் நம்பி வாழ்ந்து வந்துள்ளனர். இரு சக்கர வண்டிகளும் படகிலேயே ஏற்றப்படுகின்றன. இங்குப் பாலம் வேண்டும் என்பது மக்களின் நெடுநாளைய கோரிக்கை. பாலம் கட்டி முடிவுறும் நாள்வரை படகே அவர்களுக்குச் சாலை.

படகு தாங்கும் சுமை

படகின் தன்மையை அறிந்தவரே துறையை நன்கு நடத்த இயலும். பரிசல் மூங்கிற் பிளாச்சுகளால் முடையப்பட்டு, முற்காலத்தில் மாட்டுத் தோலாலும், பிற்காலத்தில் தார் பூசிய உறைகளாலும் மூடப்பெற்றது. வட்ட வடிவமாதலால் பாறையில் மோதினும் சுழன்று விலகும். ஆழமற்ற நீரிலும் மிதக்கும். எனினும் இதற்கு ஓர் எல்லையுண்டு.

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்குவோம். ஒரு பொருள் மிதக்கும்போது, தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகின்றது. நீர்மட்டத்தில் இரண்டரை மீட்டர் விட்டமுள்ள ஒரு பரிசலை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 4.9 சதுர மீட்டர். அது ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால், சுமார் 49 கிலோகிராம் நீரை விலக்கும். ஆகவே 65 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் பரிசல் ஒன்றேகால் சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகத் தாழும். பத்துப் பேர் ஏறினால் பதின்மூன்று சென்டிமீட்டர். இதனோடு பரிசலின் சொந்த எடையும், மூட்டை முடிச்சுகளும் சேரும். விளிம்பு நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றதோ அதுவே பயணிகளின் உயிருக்குள்ள காப்பு. பேரேரியில் காற்று எழுந்தால் அலையும் எழும்; அப்போது அவ்வுயரம் போதாமற் போகலாம். அமைதியான நீரில் நேற்று இருபது பேரை ஏற்றிச் சென்றோம் என்பது இன்றைக்குச் சான்றாகாது.

மற்றொன்று, சுமையின் அளவு சரியாயிருப்பினும் அது வைக்கப்படும் இடமும் சரியாயிருத்தல் வேண்டும். எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, ஒரே நேரத்தில் எழுந்து நின்றாலோ படகின் நிலை தடுமாறும்.

துயரம் கற்பித்த பாடங்கள்

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2002-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில், முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். அளவுக்கு மிஞ்சிய கூட்டம் அதில் ஏறியிருந்தது. 2009-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். மேல்தளத்தில் இருந்தோர் ஒரு பக்கம் நகர்ந்ததும் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்பட்டது. நம் மாநிலத்திலேயே, 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர்.

அதே வேம்பநாட்டு ஏரி நன்முறைக்கும் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. கேரள அரசு 1968-ஆம் ஆண்டிலேயே நீர்ப் போக்குவரத்துக்கெனத் தனித் துறை ஒன்றை நிறுவியது. வைக்கத்திற்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் 75 பேர் செல்லத்தக்க சூரிய ஒளிப் படகு ஒன்றை இயக்கத் தொடங்கியது. டீசல் செலவு இல்லை, புகையும் இல்லை. முறையான கண்காணிப்பு இருப்பின் படகுப் பயணம் பழைய காலத்து வழக்கமாக ஒதுக்கப்பட வேண்டியதன்று என்பதற்கு இது சான்று.

ஏலமும் பொறுப்பும்

சென்னை மாகாணத்தில் கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் பற்றிய சட்டம் 1890-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1917-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்திற்குப் பதிலாக 2021-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றியது. இயந்திரம் இல்லாத கலங்களையும் பதிவு முறைக்குள் கொண்டுவர அது வழி செய்கின்றது. ஆனால் சட்டம் ஏட்டில் இருக்கின்றது. படகோ துறையில் இருக்கின்றது. இரண்டையும் இணைக்க வேண்டியவர்கள் உள்ளூர்ப் பெரியவர்களே.

துறையை ஏலம் விடும்போது, மிகுந்த தொகை கேட்பவருக்கே விடுவது வழக்கம். ஊராட்சிக்கு வருமானம் பெருகுவது நன்றே. ஆனால் ஏலத்தொகை மிகமிக உயருமாயின், எடுத்தவர் அதனை எவ்வாறு ஈடுசெய்வார்? ஒரு நடைக்குப் பத்துப் பேர் ஏற வேண்டிய இடத்தில் பதினைந்து பேரை ஏற்றுவார். பழுதான பலகையை மாற்றாமல் காலங்கடத்துவார். அங்ஙனம் கிடைக்கும் வருமானம் மக்களின் உயிரைப் பணயம் வைத்துப் பெற்றதாகும். ஆகவே ஏல நிபந்தனைகளிலேயே பாதுகாப்பைச் சேர்த்துவிடுதல் வேண்டும்.

முதலாவதாக, ஒவ்வொரு படகின் பக்கத்திலும் சுமைக்கோடு ஒன்றை வண்ணத்தால் தீட்ட வேண்டும். கோடு நீரில் மூழ்கினால் படகு புறப்படலாகாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதனைக் கண்டு தடுக்கலாம். இரண்டாவதாக, ஏற்றத்தக்க ஆட்களின் எண்ணிக்கையையும் கட்டணத்தையும் கரையில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவதாக, ஆளுக்கொரு மிதவை உடை படகிலேயே இருத்தல் வேண்டும்; குழந்தைகளுக்கேற்ற அளவிலும் இருத்தல் வேண்டும். நான்காவதாக, பலத்த காற்றும் நீர்வரத்தும் மிகுந்த நாள்களிலும், இருட்டிய பின்னரும் படகை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பது முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒகேனக்கல்லில் நீர்வரத்து மிகும்போது பரிசல் இயக்கத்தை மாவட்ட நிர்வாகம் தடை செய்வதை நாம் அறிவோம். ஐந்தாவதாக, துறை வருமானத்தின் ஒரு பகுதியைப் படித்துறைக்கும், நிழற்கூரைக்கும், விளக்கிற்கும் செலவிடுதல் முறை.

மாணவர்கள் நாள்தோறும் கடக்கும் துறையாயின், ஆசிரியரும் பெற்றோரும் ஊராட்சி உறுப்பினரும் மாதம் ஒரு முறை படகைப் பார்வையிடலாம். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. படகோட்டியைக் குற்றவாளி போல் நடத்தாமல், அவருடைய அனுபவத்தையும் கேட்டறிதல் நலம். நீரின் போக்கை அவரைவிட நன்கு அறிந்தவர் அவ்வூரில் இருக்க மாட்டார்.

திருவரங்கத்து ஓடங்களுக்குப் பதிலாகப் பாலம் வந்தது போல், மற்ற துறைகளுக்கும் ஒரு நாள் பாலம் வரலாம். அதுவரையில் ஒவ்வொரு நாளும் கரை ஏற வேண்டிய மக்கள் இருக்கின்றனர். அவர்கள் பத்திரமாகக் கரை ஏறுவது ஊராட்சியின் கணக்கில் முதல் வரவாகக் கருதப்படுமாக.