பூமி எங்கே போயிற்று?

கேள்வி: ஸ்டார் வார்ஸ், லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதைகளில் வரும் உலகங்களுக்கும் நம் பூமிக்கும் தொடர்பு உண்டா? – ஒரு வாசகி, திரிங்காப், கேமரன் மலை

பதில்: ஆளுக்கு ஆள் மாறும். லார்ட் ஆஃப் த ரிங்ஸ் எழுதிய டோல்கீனைக் கேட்டால், தன் கதை நடப்பது வேறு கிரகத்தில் அல்ல, நம் பூமியின் கற்பனைப் பழங்காலத்தில்தான் என்பார். அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவின் ‘ஃபவுண்டேஷன்’ நாவல் வரிசையில் மனிதர்கள் விண்வெளி முழுக்கப் பரவி, பிறந்த வீட்டையே மறந்துவிடுகிறார்கள்; 1986-இல் வந்த நாவலில் பூமியைத் தேடி அலைகிறார்கள். (தோட்டத்தை விட்டுக் கோலாலம்பூர் போன பிள்ளைகள் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.) ஸ்டார் வார்ஸ் கதையில் பூமிக்கு இடமே இல்லை. ஆனால் அதில் வரும் டாட்டூயின் கிரகத்தின் பாலைவனத்தைப் படமெடுத்தது துனிசியாவில். பெயரும் அங்குள்ள தத்தாவின் என்ற ஊரின் பெயர்தான்.

இப்படிக் கற்பனையும் நிஜ ஊரும் கலந்த கதைக்கு நம்மிடம் மணிமேகலைக் காப்பியம் இருக்கிறதே! பறக்கும் மந்திரம், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்று அத்தனை மாயமும் உண்டு. அந்தப் பாத்திரத்தை முன்பு வைத்திருந்த ஆபுத்திரன் மறுபிறவியில் அரசனாவதோ சாவக நாட்டில், உங்களுக்குப் பக்கத்து ஜாவாவில்!

உங்கள் ஊர் மட்டும் சளைத்ததா? ராத்திரியில் சாமந்தித் தோட்டத்து பிளாஸ்டிக் கூரைகளுக்குள் வரிசையாக விளக்கெரியும்போது, பனிமூட்டத்தில் ஏதோ விண்கலம் இறங்கி நிற்கிற மாதிரிதான் இருக்கும்.